விழிப்புணர்வு இருக்கிறது, மீட்டர்தான் எங்கள் பெயரில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் சிறு அலுவலகங்களின் மின் சிக்கனம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஏசியை 24-ல் வையுங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் நடுவில், 'சிறு தொழில் நடத்துபவர்களிடம் இதுபற்றிய விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரி. பல வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி வலித்தது.

ஈரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம் நடத்துகிறேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு. 2022 செப்டம்பருக்கு முன்பு, 100 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம் என்றிருந்த வணிகக் கட்டணம், 2024 ஜூலையில் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதைக் கட்டுகிறவனுக்கா விழிப்புணர்வு வராது?

ட்யூப்லைட்டுகளை எப்போதோ எல்இடிக்கு மாற்றியாயிற்று. 75 வாட் இழுத்த நான்கு ஃபேன்களைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புது வகை ஃபேன்களை மாட்டினேன். தினம் பத்து மணி நேரம் ஓடினால் நான்கிலும் சேர்த்து 1.8 யூனிட் மிச்சம். விடுமுறை நாட்கள் போக, இரண்டு மாத பில் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 யூனிட், அதாவது 900 ரூபாய். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் போட்ட காசு திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். எங்கள் வாடகை ஒப்பந்தமோ 11 மாதம். காலி செய்யும்போது ஃபேனையாவது கழற்றிக்கொண்டு போகலாம், மொட்டை மாடியில் வெயில் சூடு இறங்காமலிருக்க அடிக்கும் கூலிங் பெயிண்டை என்ன செய்வது? சித்திரை, வைகாசியில் மாலை ஆறு மணிக்கும் அந்தக் காங்கிரீட் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. ஏசி கரண்ட்டைக் குடிப்பது அதனால்தான். கட்டட உரிமையாளரிடம் சொன்னால், "வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க" என்கிறார். 2020-லிருந்து வரும் ஸ்டார் முத்திரை ஏசிகள், போட்டதுமே 24-ல்தான் தொடங்குகின்றன. தாங்கள் அறியாததல்ல. 24-ல் வைக்கச் சொன்ன கட்டுரையாளர் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய வருத்தம் பிக்சட் சார்ஜ், அதாவது எவ்வளவு யூனிட் ஓடினாலும் இணைப்பின் லோடுக்கு (அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு) ஏற்பக் கட்டும் நிலைக் கட்டணம். எங்களுக்கு முன்பு இதே இடத்தில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை இருந்தது. அவர்களுக்காக வாங்கிய 10 கிலோவாட் லோடுதான் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு அதில் பாதியே தாராளம். ஆனால் பத்துக்கும் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். மெயினையே அணைத்துவிட்டுப் போனாலும் அந்தத் தொகையில் ஒரு ரூபாய் குறையாது. லோடைக் குறைக்க ஈ.பி. அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, கடைசியில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உரிமையாளர் போட மாட்டேன் என்கிறார். நாளைக்கு வேறு ஆள் வந்தால் மறுபடி பணம் கட்டி லோடு வாங்க வேண்டுமாம். அவர் பக்கம் அது நியாயம். அதற்கான பணத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது நான்.

2012-ஐத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு, எங்கள் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல். நடு ராத்திரியில் கரண்ட் வரும் நேரம் பார்த்து உட்கார்ந்து, ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் (VAT) விற்பனை வரிக்கான ரிட்டர்னை இணையத்தில் ஏற்றினோம். கடன் வாங்கி இன்வெர்ட்டர் வைத்தோம். அப்புறம் அந்த பேட்டரியை மாற்றுவதே நிரந்தரச் செலவாகிவிட்டது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு ஒரு யூனிட்டின் அருமை தெரியாதா? அப்போதும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமிருந்திருக்காது, புரிந்துகொண்டேன். ஆனால் எங்களுக்கு அறிவுரை சொல்ல மட்டும் இன்று முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

மறுப்போ வருத்தமோ தாங்கள் வெளியிட வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் லோடைக் குறைக்க வழி உண்டா, எந்தப் படிவம், எங்கே கொடுக்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மின்வாரிய அதிகாரிகளிடம் கேட்டு, அடுத்த இதழில் அரைப் பத்தி போடுங்கள், போதும். அச்சில் வந்தால் உரிமையாளரிடம் காட்டிப் பேசவாவது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வரி ஆலோசகர், ஈரோடு