சிறு அடைப்பை நீக்காமல் புதிய நீர் மென்மையாக்கியை விற்றது குறித்துப் புகார்

சுங்கை சிப்புட்,
பேராக்.
30 ஜூன் 2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஈப்போ கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தங்கள் கிளையில் நான் வாங்கிய நீர் மென்மையாக்கி பயனற்றுப் போய்விட்டது என்று தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் கடந்த பிப்ரவரியில் கூறியதை நம்பி, 6,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புதியதொன்றைப் பொருத்திக்கொண்டேன். அந்தப் பழைய இயந்திரம் இன்று என் வீட்டில் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. புதியதோ மூன்றே மாதத்தில் நின்றுபோய்ச் சுவரோரம் கிடக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைத் தாங்கள் முழுமையாக அறிய வேண்டும் என்பதற்காகவே தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் தருகிறேன்.

எங்கள் வீட்டில் சமையலுக்கும் குடிப்பதற்கும் நீர் வாரியத்தின் குழாய் நீர். அதில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், மிகக் குறைவு. அதற்கு இப்படியொரு கருவியும் தேவையில்லை. ஆனால் மாலை வேளைகளில் குழாயில் அழுத்தம் குறைந்துவிடுவதால், குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறோம். மென்மையாக்கி அந்தக் கிணற்று நீருக்குத்தான். ஈப்போவிலிருந்து வடக்கே வரும் சாலையோரம் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தவருக்கு இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்; சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். நீரின் நிறம் மாறும்வரை விடும் சோதனைத் திரவத்தின் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம் கடினத்தன்மை. எங்கள் கிணற்று நீர் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற 15 சொட்டுகள் வேண்டும். அதாவது சுமார் 255 மில்லிகிராம். 180ஐத் தாண்டினாலே மிகவும் கடினமான நீர் என்று வகைப்படுத்துவார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்த இயந்திரம் எனக்கு ஒரு தொல்லையும் தந்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை அது தானாக உப்புநீரை இழுத்து, கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகளைக் கழுவிக்கொள்ளும். 25 கிலோ உப்பு மூட்டை ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரும். இந்தக் கணக்கு என் மனைவிக்கு மனப்பாடம். ஆகவேதான் தீபாவளிக்குச் சற்று முன்பு கொட்டிய மூட்டை தைப்பொங்கல் வந்தும் பாதிகூடக் குறையவில்லை என்பதை அவரே முதலில் கவனித்தார். அதே சமயத்தில் சவர்க்காரம் நுரைக்க மறுத்தது, பேரப்பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் சாம்பல் பூத்தன, குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கட்டியது. உப்புத்தொட்டியில் தண்ணீர் வழக்கமான அளவைத் தாண்டி மிதவையைத் தொடும்வரை உயர்ந்து நின்றது.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் வந்த தங்கள் பணியாளரிடம் இவை அனைத்தையும் சொன்னேன். செப்டம்பரில் கிணற்றுப் பம்பு பழுதாகி, புதியதை முன்பைவிட ஆழமாக இறக்கியிருக்கிறோம், அதன் பிறகு தண்ணீரில் நுண்மணலும் செந்நிற வண்டலும் தெரிகின்றன என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் தொட்டியின் மூடியைத் திறந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தார், வால்வைத் தொடவேயில்லை. "ரெசின் முடிஞ்சுபோச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப சாமானும் கிடைக்காது" என்றார். பத்து நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது; மூன்று நாளில் புதிய இயந்திரம் வந்தது. பழையதைத் தாமே எடுத்துச் சென்றுவிடுவதாக அவர் சொன்னபோது, ஏனோ மனம் ஒப்பாமல், பின்கட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிராவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வழியிருந்திருக்காது.

மே மாத நடுவில் புதிய இயந்திரத்திலும் அதே அறிகுறிகள் தென்பட்டன. உப்பு குறையவில்லை, தொட்டியில் நீர் ஏறியது, மென்மையாகி வரவேண்டிய நீர் ஒன்பது சொட்டு வாங்கியது. என் மைத்துனர் இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலையின் பாய்லர் பகுதியில் நெடுங்காலம் ஃபிட்டராக வேலை செய்தவர். பாய்லருக்குக் கடின நீர் போனால் குழாய்களில் படிவு ஏறிக் கெட்டுவிடும் என்பதால் அங்கே பெரிய மென்மையாக்கிகள் ஓடும்; அவற்றைப் பிரித்துப் பூட்டியே பழகியவர். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தார்களா?" என்பதுதான். தொட்டியிலிருந்து உப்புநீரை உறிஞ்சும் சிறு பாகம் அது.

புதியதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அஞ்சி, பின்கட்டில் கிடந்த பழையதையே அவரிடம் காட்டினேன். இன்ஜெக்டர் மூடியின் இரண்டு திருகாணிகளும் உப்பும் துருவும் ஏறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே அசைந்தன. அவற்றின் தலையில் திருப்புளி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. உள்ளே, உப்புநீரை உறிஞ்சும் அந்தச் சிறு துளையையும் அதற்கு முன்னுள்ள சல்லடையையும் செந்நிற வண்டல் களிம்புபோல அடைத்திருந்தது. துளை அடைபட்டால் உறிஞ்சும் விசை இல்லை. விசை இல்லையென்றால் உப்புநீர் தொட்டியிலேயே நிற்கும். ரெசின் மணிகள் பிடித்துவைத்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கைவிட வழியின்றி நிரம்பியே கிடக்கும். தங்கள் பணியாளர் பட்டினி கிடந்தவனைச் செத்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மைத்துனர் அதைக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, பழைய இயந்திரத்தை மீண்டும் இணைத்து இருமுறை உப்புநீர் ஓட்டினார். கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லப்பட்ட அந்த வளையங்கள் ஈப்போவில் ஒரு கடையில் 38 வெள்ளிக்குக் கிடைத்தன. மறுநாள் சோதித்தபோது முதல் சொட்டிலேயே நீலம் வந்தது; இன்று காலையும் அப்படியே. பன்னிரண்டு வயதான ரெசினுக்கு வலு குறைந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும் பொருள் அது. இரும்பும் குளோரினும் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடாது.

என்னை மிகவும் வருத்துவது இனிச் சொல்லப்போவதுதான். 2013 முதல் 2024 வரை ஆண்டுதோறும் 350 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் செலுத்தியிருக்கிறேன். பன்னிரண்டு பராமரிப்பு அறிக்கைகளிலும் இன்ஜெக்டர் சுத்தம் செய்யப்பட்டதாகக் குறியிடப்பட்டுள்ளது. ஒருமுறைகூடத் திறக்கப்படாத மூடிக்குள் இருந்த பொருளை எவ்வாறு பன்னிரண்டு முறை சுத்தம் செய்ய முடிந்தது என்பதைத் தாங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

ஜூன் 9ஆம் தேதி நான் தொலைபேசியில் அழைத்தபோது, கிணற்று நீருக்கு உத்தரவாதம் செல்லாது என்று தங்கள் அலுவலகத்தில் பதில் கிடைத்தது. புதிய இயந்திரத்தின் ரசீதிலேயே தங்கள் பணியாளர் தம் கைப்பட 'ஆயர் தெலாகா' (மலாயில் கிணற்று நீர்) என்று எழுதியிருக்கிறார். கிணற்று நீர் என்று தெரிந்தே விற்றுவிட்டு, கிணற்று நீர் என்பதையே காரணமாக்கி உத்தரவாதத்தை மறுப்பது முறையாகுமா? வண்டல் வருகிறது என்று சொல்லியும், அதைத் தடுக்க முன்னால் ஒரு வடிகட்டி போடவேண்டும் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அந்த வடிகட்டியை இப்போது நானே வாங்கிப் பொருத்திக்கொண்டேன். அதற்கான செலவை உங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவே. புதிய இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு 6,200 வெள்ளியைத் திருப்பித் தரவேண்டும். பராமரிப்புக் கட்டணத்தில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குரிய 1,050 வெள்ளியையும் தரவேண்டும். முந்தைய ஆண்டுகளின் பணத்தை நான் கோராதது அந்த அறிக்கைகளை ஏற்றுக்கொண்டதாகாது. அவ்வளவு பின்னோக்கிப் போய் வழக்காட எனக்கு விருப்பமில்லை. மேலும், பழைய மாடலுக்கு உதிரிப் பாகங்கள் தங்களிடம் உள்ளனவா, இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பயனீட்டாளருக்கு அளித்துள்ள உத்தரவாதம். இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். அங்கே கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞரும் வேண்டாம். கழற்றிய திருகாணிகளையும் வண்டல் படிந்த சல்லடையையும் ஒரு புட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் அதிகாரி யாரேனும் நேரில் வந்தால் காட்டத் தயார். பன்னிரண்டு பராமரிப்பு அறிக்கைகள், இரு இயந்திரங்களின் ரசீதுகள், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

வருவதற்கு முதல் நாள் தொலைபேசியில் தெரிவித்தால் என் மைத்துனரையும் வீட்டில் இருக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
2012 முதல் தங்கள் வாடிக்கையாளர்