முந்தைய இரவில் நிலா, மறுநாள் சூரிய கிரகணமா?

ஆசிரியருக்கு,

சரித்திரத் தொடர்கதைகளில் சூரிய கிரகணம் அடிக்கடி வருகிறது. கொலைக்களத்தில் நிற்கும் நாயகன் கையை உயர்த்துவான், பகல் இருண்டுவிடும், பகைவர்கள் காலில் விழுவார்கள். இப்படி ஒரு காட்சியை எழுதுவோர் முதலில் நிலாக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் நிகழும். முந்தைய இரவில் நிலவொளியில் தப்பியோடுவதும், அன்றிரவே நிலாமுற்றத்தில் காதலர் சந்திப்பதும் நடக்காது.

1885-ல் வந்த, ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகர்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' நாவலின் முதல் பதிப்பில் பௌர்ணமியை ஒட்டியே சூரிய கிரகணம் வந்தது. பிந்தைய பதிப்புகளில் அவரே அதைச் சந்திர கிரகணமாக மாற்றினார். நம் பாரதத்தில் ஜயத்ரதன் வதத்தின்போது சூரியன் மறைந்ததைக் கிரகணம் என்று விளக்குவோர் உண்டு. ஆனால் துரோண பருவத்தில் அதே இரவும் போர் தொடர்கிறது. களைத்த படைகள் உறங்க, பின்னிரவில் நிலா எழுகிறது. அமாவாசை இரவில் நிலா ஏது?

அடுத்த பிழை நேரம். முழு கிரகணத்தின் இருள் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான். அதற்குள் போர் முடிந்து முடிசூட்டும் நடக்க முடியாது. இருளும் திடீரென்று கவிவதில்லை. சூரியனின் மேற்கு விளிம்பு கடிபட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகே முழுதும் மறையும். கண் கூசுவதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் மர நிழலில் விழும் ஒளிப்பொட்டுகள் பிறைபிறையாக மாறுவது தெரியும். கதைக்கு இது அருமையான தடயம், எழுத்தாளர்கள் ஏனோ தொடுவதே இல்லை. முழு மறைப்பிலும் அந்தி கழிந்த வேளையின் மங்கல்தான் இருக்கும். அடிவானம் சுற்றிலும் செம்மஞ்சளாக ஒளிரும், வெள்ளி தெரியும்.

சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணத்தில் அந்த இருளும் கிடையாது. 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டையில் சூரியனில் 90 சதவீதத்துக்கு மேல் மறைந்தும் பகல் பகலாகவே இருந்தது.

சோழர் காலக் கதைக்கு உண்மையான நாள் வேண்டுமானால் நாசாவின் கிரகண அட்டவணை இருக்கிறது, கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரை அதில் பார்க்கலாம். பழைய தேதிகள், இன்றைய ஆங்கில நாட்காட்டிக்கு முன் வழங்கிய ஜூலியன் நாட்காட்டிப்படி இருக்கும். வேறு மென்பொருளில் கணக்கிடுவோர், பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருவதற்கான திருத்தம் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கி.பி. 1000-ஐ ஒட்டி அது சுமார் 26 நிமிடம். அதை விட்டுவிட்டால் நிழல் பாதை கிழக்கு மேற்காக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளிப்போய், தஞ்சையில் விழ வேண்டிய இருள் கடலில் விழும்.

நீண்ட இருள்தான் கதைக்குத் தேவை என்றால் சந்திர கிரகணத்தை எடுத்துக்கொள்ளலாம். முழு மறைப்பே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதுண்டு. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் கொலம்பஸ் பஞ்சாங்கத்தைப் பார்த்து மக்களை மிரட்டியதும் சந்திர கிரகணத்தை வைத்துத்தான்.

வானியல் ஆர்வலர் இருவர்,
மதுரை