முன்னால் ஓடுகிற பையன்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் முழங்காலும் பரவாயில்லை, காலையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் மெதுவாக ஓடுகிறேன்.

நீ எழுதியிருந்த அந்த ஒன்பதாவது படிக்கிற பையனைப் பற்றித்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூவாயிரம் மீட்டரில் எடுத்த எடுப்பிலேயே முன்னால் போய்விடுகிறான், ஆறு சுற்று வரை யாரையும் கிட்டே விடுவதில்லை, கடைசிச் சுற்றில் மூன்று பேர் அவனைத் தாண்டிவிடுகிறார்கள். அடக்கி ஓடச் சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அவனை மாற்றிவிடாதே மாப்ள. மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டீவ் பிரிஃபான்டெய்னை உனக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்துக் கூஸ் பே ஊர்க்காரன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஐயாயிரம் மீட்டர் இறுதிப் போட்டி, அப்போது அவனுக்கு வயது 21. கூட்டம் ஆரம்பத்தில் சாவகாசமாகத்தான் ஓடியது. எல்லோரும் கடைசிச் சுற்றுக்காகக் காத்திருந்தார்கள். நாலு சுற்று மிச்சம் இருக்கும்போது இவன் முன்னால் வந்து வேகத்தை ஏற்றினான். கடைசிச் சுற்றில் பின்லாந்தின் லாசே விரேனும் துனிசியாவின் முகமது கமூதியும் தாண்டிப் போன பிறகும் விடாமல் முட்டிப் பார்த்தான். கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கையில் பிரிட்டனின் இயன் ஸ்டீவர்ட்டும் தாண்டிவிட்டார். தங்கம் வாங்கிய விரேன் 13 நிமிடம் 26.4 விநாடி, இவன் 13 நிமிடம் 28.4 விநாடி. இரண்டு விநாடியில் நாலாவது இடம், பதக்கம் இல்லை.

இதை வீம்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசி இருநூறு மீட்டரில் பறக்கிற கால் அவனுக்கு இல்லை, விரேனுக்கு இருந்தது. அந்தக் காலை முன்கூட்டியே களைக்க வைத்தால்தான் இவனுக்கு வழி. அதனால் முடிவுக்கு ஒரு மைல் இருக்கும்போதே வலியைத் தொடங்கிவைத்தான். அது நன்றாகப் போட்ட கணக்கு. விரேன் அதையும் தாங்கிவிட்டார், அவ்வளவுதான். பன்னிரண்டு சுற்றைக் காத்திருந்தே கழித்துவிட்டு அரைச் சுற்றில் ஜெயிப்பதும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் முழு தூரத்தையும் ஓட்டமாக ஆக்குகிறவன்மேல் எனக்கு மரியாதை கூடுதல்.

அந்தக் கணக்கு பலித்ததையும் பார்த்திருக்கிறேன். 2008 ஆகஸ்ட் 24, பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தான். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெயிலுக்கும் புகைக்கும் பயந்து பெரிய வீரர்கள் எல்லாம் நிதானமாகத்தான் போவார்கள் என்று பேச்சு. அப்போது மாரத்தான் உலக சாதனையை வைத்திருந்த எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி காற்று மாசை யோசித்து மாரத்தானையே விட்டுவிட்டார். கென்யாவின் சாமுவேல் வாஞ்சிருவுக்கும் 21 வயதுதான். பதினைந்து வயதில் ஜப்பானுக்குப் போய் அங்கே வளர்ந்த ஓட்டக்காரன். தொடக்கத்திலேயே முன் கும்பலில் நின்று விரட்ட ஆரம்பித்தான். முதல் 10 கிலோமீட்டர் 29 நிமிடம் 25 விநாடி. அந்தக் காலத்தில் குளிர்ந்த ஊரில் உலக சாதனைக்கு ஓடியவர்கள் வைத்த வேகம் அது, மாப்ள!

சூட்டில் ஓடும்போது உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குப் போகும், காலுக்குக் கிடைப்பது குறையும், இதயம் அதற்கும் சேர்த்து அடிக்க வேண்டும். இது அவனுக்குத் தெரியாதா என்ன? வேகத்தை ஒரே சீராகவும் வைக்கவில்லை. கொஞ்ச தூரம் இழுப்பான், விடுவான், மறுபடி இழுப்பான். பின்னால் வருகிறவனுக்கு அதுதான் கொடுமை. மூச்சு ஒரு தாளத்துக்கு வரும் நேரத்தில் தாளத்தைக் கலைத்துவிடுவான். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முடிவில் 2 மணி 6 நிமிடம் 32 விநாடியில் ஜெயித்தான். அதுவரை இருந்த ஒலிம்பிக் சாதனை, 1984இல் போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸ் வைத்தது, 2 மணி 9 நிமிடம் 21 விநாடி. ஒலிம்பிக் மாரத்தானில் கென்யாவுக்கு அதுதான் முதல் தங்கம்.

ஆனால் உன் பையனை நினைக்கும்போது எனக்கு வாஞ்சிருவைவிட எத்தியோப்பியாவின் டெரிபா மெர்காதான் கண்முன் வருகிறார். அந்த வெறிபிடித்த வேகத்தில் கடைசிவரை ஒட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். கடைசிக் கிலோமீட்டர்களில் கால் நின்றுபோனது. மூன்றாவது ஆளாக ஸ்டேடியத்துக்குள் வந்தவரை அவர் நாட்டுக்காரரான செகாயே கெபெடே ஓடுதளத்திலேயே தாண்டிப் போனார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, ஒரு சுற்றில் பதக்கம் போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் அதே மெர்கா பாஸ்டன் மாரத்தானை ஜெயித்தார். பெய்ஜிங் அவரைப் பயமுறுத்தி வைக்கவில்லை.

பிரிஃபான்டெய்ன் 1975இலும் வாஞ்சிரு 2011இலும் இறந்தார்கள், இருவருக்கும் 24 வயது. ஒருவன் கார் விபத்தில், இன்னொருவன் மாடியிலிருந்து விழுந்து. அந்தச் சாவுகளை அவர்கள் ஓடிய விதத்தோடு முடிச்சுப் போட எனக்கு மனசு வரவில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். கல்லூரி கடைசி வருஷம், மண் மைதானம், வெறுங்கால். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. ஒன்பது சுற்று நான் முன்னால் ஓடினேன். உன் மூச்சு என் வலது தோளுக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு. நான் வேகம் கூட்டினால் அதுவும் கூடும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பிறகு வளைவு முடிகிற இடத்தில் அந்தச் சத்தம் பக்கத்தில் வந்தது, அப்புறம் உன் முதுகு தெரிந்தது. உனக்கு முதலிடம், எனக்கு மூன்று. அன்று இரவு விடுதி வராந்தாவில், "நீ இழுக்கலைன்னா நான் இந்த டைம் ஓடியிருக்க மாட்டேன்டா" என்றாய். அதை நான் மறக்கவே இல்லை.

அந்த இடத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும், முன்னால் ஓடுவது எவ்வளவு தனிமை என்று. எதிர்க்காற்றை நீ வாங்குவாய், பின்னால் வருகிறவன் உன் நிழலில் சேமிப்பான். தெரிந்தும் ஒரு பதினான்கு வயதுப் பையன் அங்கே போய் நிற்கிறான் என்றால் அவனிடம் இருப்பதை நீயோ நானோ சொல்லிக்கொடுக்க முடியாது. எப்போது இழுப்பது என்பதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். முதல் சுற்றை மட்டும் கடிகாரம் வைத்து நீயே அளந்து கொடு. நாலாவது சுற்றில் இஷ்டத்துக்கு விடு. பயிற்சியில் நடுவில் ஒரு சுற்றைப் பறக்கச் சொல்லி, நிற்காமல் அடுத்த சுற்றைப் பழைய வேகத்தில் ஓட வை. களைத்த காலோடு ஓடப் பழகினால் கடைசிச் சுற்று அவனை இப்படிச் சாய்க்காது.

நம் புதுக்கோட்டை லட்சுமணன் கதையையும் அவனுக்குச் சொல். 2017 புவனேஸ்வரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப், ஐயாயிரம், பத்தாயிரம் இரண்டிலும் தங்கம். மறு வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பத்தாயிரத்தில் மூன்றாவதாக வந்தும், ஓடுதளத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காகப் பதக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மாவட்டத்து ஆளுக்கு நடந்தது என்றால் பையனுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

அவனுடைய அடுத்த போட்டித் தேதியை எழுது. சனிக்கிழமையாக இருந்தால் வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுகிறேன். நீ கோட்டருகே நில். நான் கடைசி வளைவில் நிற்கிறேன், மூச்சுச் சத்தம் பக்கத்தில் வருகிற அந்த இடத்தில். அங்கே அவனுக்கு ஒரு குரல் வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பங்காளி