கும்பகோணத்துப் பெரியவருக்கு நன்றி

நான் கட்டிய ஹாம் ரேடியோவை (பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பேசிக்கொள்ளும் பெட்டி) நண்பர்கள் சொன்ன அலைவரிசையில் வைத்தால், அறுத்த வயலில் மேயும் வாத்துக் கூட்டம் போலத்தான் குரல்கள் கேட்டன. கும்பகோணத்தில் சாலிடர் வாங்கும்போது கடைக்காரரிடம் புலம்பினேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “பெட்டியை எடுத்துட்டு வா தம்பி” என்றார்.

அவர் வீட்டுத் திண்ணையில் ஜிபிஎஸ்ஸோடு இணைத்து அலைவரிசையைத் துல்லியமாக அளக்கும் ஃப்ரீக்வென்சி கவுண்டர். உடனே அளக்கவிடவில்லை, பெட்டியின் சூடு ஒரு நிலைக்கு வர, மூடியைப் போட்டு அரை மணி நேரம் ஓடட்டும் என்றார். (நானோ திறந்த போர்டை ஃபேன் காற்றில் வைத்தே திருத்திக்கொண்டிருந்தேன்!) அப்புறம் ரேடியோவுக்கு அலைவரிசையை உண்டாக்கித் தரும் எஸ்ஐ5351 சிப்பிடம் 10 மெகாஹெர்ட்ஸ் கேட்டோம். வந்தது 1,00,00,940 ஹெர்ட்ஸ். அதாவது 94 பிபிஎம் (பத்து லட்சத்தில் 94 பங்கு) கூடுதல்; நண்பர்கள் பேசும் 7.1 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 670 ஹெர்ட்ஸ் பிசகு. சிப்புக்கு அடிப்படைத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலைத் தொடவேயில்லை, புரோகிராமில் திருத்த எண்ணை மாற்றியதோடு சரி.

பெயர் கேட்டேன், டிகிரி காபிதான் வந்தது. ஐயா, 73 (ஹாம் வழக்கில் ‘நல்வாழ்த்துகள்’).