நிஷிகசாய் மக்களுக்கு எங்கள் நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், அண்டை வீட்டாருக்கும், தமிழ்க் குடும்பங்களுக்கும் வணக்கம்.

தோக்கியோவின் எதொகாவா வட்டாரத்திலுள்ள நிஷிகசாயிலிருந்து இந்த மார்ச் மாதத்தோடு விடைபெற்று, நாங்கள் கோயம்புத்தூருக்குத் திரும்புகிறோம். இங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்தபோது வணக்கம் சொல்வதற்கு மேல் ஜப்பானிய மொழி அறியாதிருந்த எங்கள் மகள், இன்று தோழிகளைப் பிரிய மனமின்றித் தவிக்கிறாள் என்றால், அதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் காரணம்.

முதல் நன்றி வகுப்பாசிரியைக்கு உரியது. நாள்தோறும் பையில் வரும் தொடர்புக் குறிப்பேட்டில், மறுநாள் கொண்டுவர வேண்டியவற்றை எங்களுக்காக எளிய ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகனாவில் மட்டும் எழுதி, அருகிலேயே சிறு படமும் வரைந்து அனுப்பினீர்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே மேய்க்கும் வேலைக்கிடையே அந்தப் படங்களை வரைய உங்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று இன்றும் வியக்கிறோம்.

சைவ உணவு உண்ணும் பிள்ளையை ஜப்பானியப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு மதிய உணவுதான் பெருங்கவலை. காய்கறி மட்டுமே தெரியும் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். பள்ளியின் உணவியல் வல்லுநர் மாதந்தோறும் உணவுப் பட்டியலில் அத்தகைய பதார்த்தங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்து, அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர ஏற்பாடு செய்தார். அதனினும் பெரிதாக நாங்கள் போற்றுவது, வேறு உணவு உண்பவள் என்பதற்காக பிள்ளைகளே முறைவைத்து வகுப்பில் உணவு பரிமாறும் வேலையிலிருந்து அவளை விலக்கி வைக்காததைத்தான். தன் முறை வந்த வாரங்களில் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, தான் குடிக்காத சூப்பை அகப்பையால் அளந்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, பிறகு தன் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து அவர்களோடு சேர்ந்து உண்டாள். விருந்தாளியாக நடத்தாமல் வகுப்பில் ஒருத்தியாகவே அவளை வைத்திருந்தீர்கள்.

தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் சீன எழுத்துகளிலிருந்து வந்த 1026 கான்ஜி எழுத்துகளைப் பிள்ளைகள் கற்க வேண்டும். பெற்றோரான எங்களால் உதவ முடியாத அந்தப் பாடத்தைக் கைம்மாறு கருதாது சொல்லிக்கொடுத்த முதிய தன்னார்வலர் அம்மையாருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாட்டைப் பாட்டுப்போல் மனப்பாடம் செய்யவும் அவரே பழக்கினார். காலைதோறும் மஞ்சள் கொடியுடன் சாலையைக் கடக்க உதவிய பெரியவர்களுக்கும், விளையாட்டு விழாவில் எங்களுக்கும் பாயில் இடம் ஒதுக்கிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

தமிழ்க் குடும்பங்களே, பள்ளிப் படிவங்களை எங்களோடு அமர்ந்து நிரப்பியவர்கள் நீங்கள். விலை அதிகமான ரந்தோசெரு தோள்பையையும் நாடு திரும்பிய ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கித் தந்தீர்கள். பை இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது; நிலநடுக்கப் பயிற்சிக்கான பஞ்சுத் தலைக்கவசமும் உண்டு. வரும் ஏப்ரலில் முதல் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளை எவருக்கேனும் தேவைப்பட்டால், நாங்கள் புறப்படுமுன் தெரிவியுங்கள். வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
கோவைக்குத் திரும்பும் ஒரு பெற்றோர்