பிரிண்டரில் சந்தனப் பொட்டு: அலைன்மென்ட் கடை அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீல் அலைன்மென்ட் கடை நடத்தும் அண்ணன்களுக்கு, வணக்கம்.

சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற கேம்பர் எது, சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற டோ எது என்று உங்களுக்கே பாடம் எடுக்க வரவில்லை. ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கினால் இரண்டும் மாறும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது ஒரே ஒரு காகிதம். வேலைக்கு முன்னால் என்ன அளவு இருந்தது, வேலை முடிந்ததும் என்ன அளவு இருக்கிறது, இரண்டும் உள்ள பிரிண்ட். அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மாதம் முன்பு என் ஸ்விஃப்டுக்கு 35 மில்லிமீட்டர் இறங்குகிற ஸ்பிரிங் போட்டேன். போட்ட கையோடு உங்களில் ஒருவர் கடைக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். திரையில் நாலு சக்கரமும் வந்தது. பையன் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைத் திருகினான், டோ கட்டம் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது. வலது முன்சக்கரத்தின் கேம்பர் மட்டும் அசையாமல் சிவப்பிலேயே நின்றது. கேட்டேன். "அது ஒண்ணும் பண்ணாதுங்க சார், டோ வந்தா போதும்" என்றான். பிரிண்ட் கேட்டேன். "இங்க் இல்லைங்க." ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டின பிறகு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது, திரும்பப் போனேன். சக்கரத்தைக் கழற்றி பாலன்சிங் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்றார்கள். அன்றைக்கும் இங்க் இல்லை. அப்போதுதான் பிரிண்டரைக் கவனித்தேன். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, காகிதம் வெளியே வருகிற அந்த வாய் மேலேயே, கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். வீட்டம்மாவும் பிள்ளைகளும் பின்சீட்டில், ராத்திரி நேரம், தூறல், தொப்பூர் இறக்கத்தில் முன்னே லாரி பின்னே லாரி. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் ஆகாமல் போய் வந்துவிட்டோம். மறுநாள் காரிமங்கலம் பக்கத்தில் வலது முன்டயர் பஞ்சர். பஞ்சர் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டார், உள்பக்கம் மேலே இருக்கிற மாதிரி. ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து உள் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார். ஒரு பக்கமாகத் தேய்த்தால் வழுக்கியது, திருப்பித் தேய்த்தால் அரம் மாதிரி பிடித்தது. இன்னும் ஒரு விரக்கடை உள்ளே போனதும் கட்டைவிரலில் சுருக்கென்று குத்தியது. டயருக்குள் இருக்கிற கம்பி. "வெளிய பாத்தா புது டயராட்டம் இருக்கு தம்பி. இதுலயா தொப்பூர் எறங்குன?" என்றார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஓசூர் வரை போய் அளந்தேன். அங்கே கேட்காமலே பிரிண்ட் கொடுத்தார்கள். வலது கேம்பர் மைனஸ் 1 டிகிரி 45 நிமிடம், இடது மைனஸ் 50 நிமிடம். இரண்டு சக்கரமும் சேர்ந்து 30 நிமிடம் டோ-அவுட், அதாவது முன்பக்கம் வெளியே விரிந்து நிற்கிறது. பக்கத்துக்கு 15 நிமிடம், கால் டிகிரிதான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு டயரும் நாலு மீட்டருக்கு மேல் குறுக்கே இழுபடுகிறது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள் கிட்டத்தட்ட 200 மீட்டர். கேம்பர் சாய்ந்து பாரமெல்லாம் உள் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, இந்த இழுவையும் சேர்ந்தால் டயர் என்னத்துக்கு ஆகும்?

இப்போது தப்பு யாருடையது? எனக்குத் தெரியாது. புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் அமர்ந்து டோவைக் கலைத்திருக்கலாம். முகூர்த்தத்துக்கு ஒன்று என்று வேகத்தடை கட்டுகிற நம் ஊரில், வெள்ளைக்கோடு இல்லாத ஏதாவது ஒன்றில் நான் ஏற்றி இறக்கியிருக்கலாம். சக்கரத்தைக் கீழே தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை, ஸ்பிரிங் போட்டவர் சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்கலாம், தரையில் பாரம் இறங்கின பிறகு முறுக்குவதற்குப் பதிலாக. அல்லது உங்கள் பையன் வைத்ததே தப்பாக இருக்கலாம். முதல் நாள் காகிதம் கையில் இருந்தால் ஓசூர்க் காகிதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்திருப்பேன். அது இல்லாததால் உங்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஜோடி டயர் 11,000 ரூபாய் மட்டும் நிச்சயமாக என் தலையில்.

இறக்கினது என் ஆசை, ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி யாராவது கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் "எறக்குனா அப்படித்தான் சார்" என்பது ஒரு பதிலா? என் வண்டியில் முன் கேம்பரைத் திருக கம்பெனி வழி வைக்கவில்லை. சரி. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளையும் சேர்க்கிற இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்குப் பதிலாக, திருகினால் சாய்வு மாறுகிற கேம்பர் போல்ட் போட்டால் சரி செய்ய வழி இருக்கிறது, ஓசூரில் அதைத்தான் செய்தார்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டார்ஷன் பீம், அதில் திருக எதுவுமே இல்லை, ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்தால்தான் உண்டு. இதை "எங்களிடம் போல்ட் இல்லை, ஓசூர் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இன்னொரு கடையில் சங்கிலி போட்டு ஜாக்கில் அமுக்கி ஸ்ட்ரட்டை வளைத்துத் தருகிறேன் என்றார்கள். அண்ணே, அது ஷாக் அப்சார்பர், வேலிக் கம்பி இல்லை.

போர்டில் மட்டும் கம்ப்யூட்டர், 3டி, லேசர் என்று ஆள் உயர எழுத்து. டயருக்கு நைட்ரஜன் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்கிறீர்கள், கேம்பர் சிவப்பு என்று ஒரு தடவை சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கிருஷ்ணகிரி மண்டியில் நாலு கூடை மாங்காய் இறக்கினால்கூட எடை எழுதித் துண்டுச் சீட்டு கையில் கொடுக்கிறார்கள். சுங்கச்சாவடி தாண்டினால் காசு பிடித்ததற்குப் போனில் மெசேஜ் வருகிறது. அதற்குப் பிறகு வருகிற பள்ளத்துக்கு மட்டும் மெசேஜ் வருவதில்லை, அது வேறு கதை, அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் வேலை வெயிலிலும் புழுதியிலும் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை என்பது தெரியும். அதனால் பணிவாகவே கேட்கிறேன். வேலைக்கு முந்தைய அளவு, வேலை முடிந்த பிந்தைய அளவு இரண்டும் உள்ள காகிதத்தைக் கொடுங்கள், இறக்கிய வண்டியோ இறக்காத வண்டியோ, யார் வந்தாலும். இங்க் நிஜமாகவே இல்லையென்றால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள். சிவப்பு நின்றால் சிவப்பு என்று சொல்லுங்கள். புது ஸ்பிரிங் போட்டு வருகிறவனிடம், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வா என்று சொல்லி, வந்தால் பாலன்சிங்கோடு நிறுத்தாமல் அளந்தும் பாருங்கள்.

இந்த போல்ட் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஆகப் போகிறது. திரும்ப ஓசூர் போக எனக்கு நேரமில்லை, உங்களில் ஒருவரிடம்தான் வருவேன். காகிதம் நானே கொண்டுவருகிறேன். பொட்டை மட்டும் துடைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
காரிமங்கலத்தில் கட்டைவிரலில் கம்பி குத்தின தருமபுரிக்காரன்