முள்ளைப் படமெடுக்க வெயில் முதுகில் அடிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை, அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரின் பாலைவனத் தாவரத் தோட்டத்தைப் பரிந்துரைத்திருந்தது. நல்ல பரிந்துரைதான். 1939இல் தொடங்கி இன்று 140 ஏக்கரில் பரந்திருக்கும் தோட்டம் அது. ஆனால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் பதினோரு மணிக்குப் போய், வெயில் முதுகில் அடிக்கும்படி நின்று படமெடுக்கச் சொன்ன யோசனை கல்யாண மண்டப வாசலுக்குப் பொருந்தும், கள்ளிக்குப் பொருந்தாது.

உச்சி வெயிலில் கள்ளியின் வரிப்பள்ளங்கள் தட்டையாகிவிடும். ஒவ்வொரு முள்ளும் தண்டின்மேல் ஒரு கறுப்புக் கீறலாக நிழல் போடும். மொத்தத்தில் படம் கிறுக்கல் போல இருக்கும். சூரியன் தாழ்ந்து, செடிக்குப் பின்னால் சற்றே ஒதுங்கி நிற்கும் நேரத்தில் முள்ளுக்குள் ஒளி புகுந்து விளிம்பெல்லாம் மின்னும். இதற்கு முதலிடம் சோயா கள்ளிக்கு (நம் சோயா பீன்ஸுக்கும் இதற்கும் உறவில்லை). அதன் முள்ளைச் சுற்றிக் காகிதம் போன்ற மெல்லிய உறை உண்டு. பின்வெயிலில் அது வெள்ளியாகத் தெரியும்.

அங்கேதான் கேமரா ஏமாறும். பின்புலம் இருட்டாக இருப்பதால் அது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) கூட்டிவிடும், முள் வெளுத்துப் போகும். மைனஸ் 1 ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதி) குறைத்து வையுங்கள். ஹிஸ்டோகிராம் (கேமரா திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தை இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். செல்போன் என்றால் முள்ளைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்யும்) வசதியை அணைத்துவிடுங்கள், அது நிழலை வெளிச்சமாக்கி மினுமினுப்பைக் கெடுத்துவிடும். சூரியனை நேராக லென்ஸில் விழவிடாமல் ஒரு தண்டுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸ் ஹுட் போதாத இடத்தில் உள்ளங்கையே குடை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டம் பொதுவாகப் பருவத்தைப் பொறுத்து காலை 7 அல்லது 8 மணிக்குத் திறக்கும் (போகும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). டிசம்பரில் சூரியன் உதிப்பதே ஏழே கால், ஏழரை வாக்கில் என்பதால், 8 மணிக்கு நுழைந்தாலும் தாழ்ந்த வெயில் கிடைக்கும். மே மாதக் கடைசியில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடும். கதவு திறக்கும்போது வெயில் ஏறியிருக்கும். ஆகவே கோடையில் முள்ளுக்கு மாலைதான். அப்போது சூரியன் மறைய ஏழரை ஆகும். தோட்டத்தை ஒட்டிய பாப்பாகோ பூங்காவின் செந்நிறப் பாறைக் குன்றுகளும் மாலையில்தான் நிறம் கொள்ளும்.

பூவுக்குக் கணக்கு வேறு. சவாரோ எனும் ராட்சதக் கள்ளி (ஆங்கில எழுத்தில் இருக்கும் 'ஜி'யை யாரும் உச்சரிப்பதில்லை) ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை பூக்கும். ஒரு பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும், மீண்டும் விரியாது. ஆகவே பூ வேண்டுமென்றால் கதவு திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். தண்டின் உச்சியிலும் கைகளின் நுனியிலும்தான் பூக்கும் என்பதால் தொலைவை அருகே காட்டும் 300 எம்எம் லென்ஸ் இல்லாமல் வெறும் வெள்ளைப் பொட்டுதான் கிடைக்கும். ஒரு குறுக்குவழி: உறைபனி தாக்கிய கைகள் கீழே வளைந்து தொங்கும். அந்த நுனிகளில் பூ ஏறக்குறைய கண் மட்டத்திலேயே இருக்கலாம். வெள்ளைப் பூ சட்டத்தை நிரப்பினால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். இங்கே பிளஸ் பக்கம் முக்கால், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

நண்பகலில் மாட்டிக்கொண்டால் பெரிய செடிகளை விட்டுவிட்டுச் சிறு உருண்டைக் கள்ளிகளிடம் குனியலாம். முள்கொத்துகள் சுழல் வரிசையில் அடுக்கியிருக்கும். எண்ணிப் பார்த்தால் பல செடிகளில் ஒரு பக்கமாகச் சுழலும் வரிசைகள் 13, எதிர்ப்பக்கமாகச் சுழலும் வரிசைகள் 21 வரும். நேர் மேலிருந்து, லென்ஸ் துளையை எஃப் 11 அளவில் வைத்து, கூட வந்தவரை வெள்ளைக் குடை பிடிக்கச் சொல்லி எடுங்கள். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22க்குப் போனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும், ஆனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படத்தின் கூர்மை குறைந்துவிடும். கள்ளி காற்றில் ஆடாது, எனவே ட்ரைபாட் அனுமதி இருந்தால் ஷட்டரை மெதுவாகவே வைக்கலாம். ரீங்காரச் சிட்டுக்கு (ஹம்மிங்பேர்ட் எனும் சிறு பறவைக்கு) இந்தச் சலுகை இல்லை. 1/2000 விநாடிக்குக் கீழே போனால் இறக்கை புகைதான்.

அடி வாங்குவது பெரும்பாலும் பின்னால் நகரும்போது. கண்ணைக் கேமராவில் வைத்தபடி ஒரு எட்டுகூடப் பின்வைக்காதீர்கள். சோயா கள்ளியின் துண்டு லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவே விட்டுச் சட்டென நெம்பித் தள்ள வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. சப்பாத்திக்கள்ளியின் சுணையைத் தேய்க்கவே கூடாது, ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள். காற்று வீசும்போது லென்ஸ் மாற்றாதீர்கள், அங்கே மண் மாவு போல. கோடையில் வெயில் 43 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கேமராவைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகக் கூடாது, தண்ணீர் இல்லாமல் நீங்களும் போகக் கூடாது.

கடைசியாக, படக்குறிப்புகள். சதுரக்கள்ளியைக் கள்ளி என்று நாம் அழைத்தாலும் தாவரவியலில் அது காக்டஸ் குடும்பம் இல்லை. உடைத்தால் பால் வடியும். காக்டஸ் என்றால் பஞ்சுப் பொட்டு போன்ற மேட்டிலிருந்து முள் கிளம்பும். நம் சப்பாத்திக்கள்ளி அந்தக் குடும்பம்தான், அமெரிக்காவிலிருந்து வந்தது. கட்டுரையின் மூன்றாவது படத்தில் 'கள்ளி' என்று போட்டிருப்பது அகேவ், அதாவது ஆனைக்கற்றாழை. பெரும்பாலான அகேவ்கள் பல ஆண்டு காத்து ஒரே முறை பூத்து மடியும். சோற்றுக்கற்றாழையோ ஆண்டுதோறும் பூக்கும். படமெடுத்ததும் செடியின் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது. அடுத்த இணைப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை